கோப்பைகளை எண்ணினால் போதுமா?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஐயா, அமெரிக்க வாடிக்கையாளர்களுக்கான இரவுப் பணியில் இருக்கிறேன். அமெரிக்கக் கால்பந்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுல் நமக்குத் திங்கட்கிழமை விடியற்காலை 5 மணிக்குத் தொடங்குவதால், வேலை முடிகிற நேரத்தில் எல்லோரும் சேர்ந்து பார்ப்பது வழக்கம். 7 கோப்பைகள் வென்ற டாம் பிராடிக்கு நிகரான குவார்ட்டர்பேக் இல்லை என்று நண்பர்கள் அடித்துச் சொல்கிறார்கள். ஒரு கோப்பையும் வெல்லாத டான் மரினோவை நான் உயர்த்திப் பேசினால் சிரிக்கிறார்கள். கோப்பைக் கணக்கு ஒன்றுதான் அளவுகோலா?
– வாசகர், ஓசூர்

பதில்: இல்லை என்பது என் கருத்து. களத்தில் ஒரு பக்கத்துக்கு 11 பேர் ஆடும் இந்த ஆட்டத்தில் பந்தை எறிபவர் குவார்ட்டர்பேக். ஆனால் எதிரணியினர் அவர்மேல் பாய்ந்துவிடாமல் முன்னே சுவர்போல் நிற்கும் ஐவர் சில நொடிகள் தாக்குப்பிடித்தால்தான் அவரால் நிமிர்ந்து பார்த்து எறியவே முடியும். அதிலும் எதிரணி பந்தை வைத்திருக்கும்போது களத்தில் இறங்குபவர்கள் வேறு 11 பேர். குவார்ட்டர்பேக் அப்போது ஓரத்தில் உட்கார்ந்து வேடிக்கைதான் பார்க்க முடியும்.

இதற்குக் குவார்ட்டர்பேக் பெய்டன் மானிங்கை விடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. 2013 பருவத்தில் டென்வர் அணிக்காக அவர் எறிந்த 55 டச்டவுன்களும் (எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் பந்தைச் சேர்த்துப் புள்ளி எடுப்பது), எறிந்தே முன்னேற்றிய 5,477 கெஜமும் ஒரு பருவத்துக்கான சாதனைகள். அந்தப் பருவத்தின் இறுதிப் போட்டியில் டென்வரின் முதல் நகர்விலேயே, பந்தைப் பின்னால் கொடுக்க வேண்டியவர் அதை மானிங்கின் தலையைத் தாண்டி விட்டுவிட, எதிரே ஆடிய சியாட்டில் அணிக்கு இரண்டு புள்ளிகள் இலவசமாகக் கிடைத்தன. ஆட்டம் 43–8 என்ற கணக்கில் சியாட்டிலின் வெற்றியாக முடிந்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 2015 பருவத்தில், காயத்தாலும் முதுமையாலும் தளர்ந்த அதே மானிங் எறிந்தவை 9 டச்டவுன்கள் மட்டுமே. எறிந்த பந்தை எதிரணியிடம் பறிகொடுத்ததோ 17 முறை. அந்தப் பருவத்தில்தான் டென்வர் 24–10 என்று வென்று கோப்பையைத் தூக்கியது. ஆட்ட நாயகன் விருது தடுப்பாட்டக்காரரான வான் மில்லருக்குப் போனது. கோப்பையை எண்ணுகிறவரின் ஏட்டில் அவருடைய தளர்ந்த பருவம் வரவாகவும், சாதனைப் பருவம் செலவாகவும் பதிவாகிறது. இப்படி ஒரு கணக்கை நம் ஊர் மளிகைக் கடைக்காரர்கூட ஒப்புக்கொள்ளமாட்டார்.

மரினோவுக்கு வருவோம். 1984இல் அவர் 5,084 கெஜமும் 48 டச்டவுன்களும் எறிந்தார். அக்காலத்தில் எவரும் நெருங்காத எண்கள் அவை. அந்தப் பருவத்தின் இறுதிப் போட்டியில் அவருடைய மயாமி அணி சான்பிரான்சிஸ்கோவிடம் 38–16 என்று தோற்றது. 38 புள்ளிகளை விட்டுக்கொடுத்தது அவருடைய கை அல்ல.

கேள்வி: அப்படியானால் பிராடியின் பெருமையும் அணியின் பெருமைதானா? அணி மாறியும் வென்றாரே?
– வாசகி, பாலக்கோடு

பதில்: நியாயமான மறுப்பு. புதிய ஆட்டக்காரர்களை அணிகள் வரிசையாக எடுக்கும் தேர்வில், 2000ஆம் ஆண்டு 199ஆவது ஆளாக எடுக்கப்பட்ட பிராடி, பில் பெலிச்சிக்கின் பயிற்சியில் நியூ இங்கிலாந்துக்காக 6 கோப்பைகளை வென்றார். பின்னர் டாம்பா பே அணிக்குப் போய், 43ஆம் வயதில் ஏழாவதையும் வென்றார். பெலிச்சிக் இல்லாமல் அவர் இல்லை என்ற பேச்சு அதோடு அடங்கியது. அது அடங்கியதும் சரிதான். ஆனால் அந்த ஏழாவது வெற்றியையும் சற்று உற்றுப் பாருங்கள். எதிரணிக் குவார்ட்டர்பேக்கான பேட்ரிக் மஹோம்சுக்கு இருபுறமும் காவல் நிற்க வேண்டிய வழக்கமான இருவரும் காயத்தால் ஆடவில்லை. ஆட்டம் முழுவதும் அவர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினார். அவருடைய அணி ஒரு டச்டவுன்கூட எடுக்காமல் 31–9 என்று தோற்றது. மஹோம்சின் திறமை அந்த ஒரு நாளில் குறைந்துபோனதாக யாரும் சொல்லமாட்டார்கள்.

கேள்வி: நான் கபடி ஆடுபவன். எங்கள் ஆட்டத்துக்கும் இது பொருந்துமா?
– வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: கபடியில் இதை இன்னும் வெளிப்படையாகவே காணலாம். பொங்கல் நாட்களில் நம் ஊர்த் திடல்களில் ஆடும் எவருக்கும் இது தெரியும்: பாடிப் போன ரெய்டர் பிடிபட்டு வெளியே உட்கார்ந்துவிட்டால், உள்ளே இருப்பவர்கள் எதிரணியில் ஒருவரை வெளியேற்றினால்தான் அவர் திரும்பக் களமிறங்க முடியும். உள்ளே பிடிக்க ஆளில்லாத அணியில், எவ்வளவு சிறந்த ரெய்டரும் ஆட்டத்தின் பெரும்பகுதியைக் கோட்டுக்கு வெளியே கழிப்பார். பிரதீப் நர்வால் பாட்னா அணியில் தொடர்ந்து மூன்று முறை புரோ கபடி கோப்பையை வென்றார். 2021இல் உத்தரப் பிரதேச அணி அவரை 1.65 கோடி ரூபாய்க்கு எடுத்தும் அங்கே கோப்பை கைகூடவில்லை.

கேள்வி: பணக்கார அணி ஒன்று நல்ல ஆட்டக்காரர்கள் அனைவரையும் வாங்கிவிடலாமே?
– வாசகர், அரூர்

பதில்: முடியாது. அமெரிக்கத் தொழில்முறைக் கால்பந்தில் ஓர் அணி மொத்தமாகக் கொடுக்கக்கூடிய சம்பளத்துக்கு 1994 முதல் உச்சவரம்பு உண்டு. குவார்ட்டர்பேக்குக்கு அள்ளிக் கொடுத்தால் அவரைக் காப்பவர்களுக்குக் கிள்ளித்தான் கொடுக்க முடியும். 2012 தேர்வில் 75ஆவது ஆளாக எடுக்கப்பட்ட குவார்ட்டர்பேக் ரஸ்ஸல் வில்சன் சொற்பச் சம்பளத்தில் ஆடிய ஆண்டுகளில்தான் சியாட்டில் அணியால் வலுவான தடுப்பாட்டத்தை ஒன்றுசேர்த்து வைத்திருக்க முடிந்தது. மானிங்கை 43–8 என்று வீழ்த்தியது அந்த அணிதான்.

கேள்வி: எறிபவருக்காவது பெயர் கிடைக்கிறது. முன்னே நின்று அடி வாங்குபவர்களுக்கு?
– வாசகி, பென்னாகரம்

பதில்: கிளீவ்லாந்து அணியின் இடதுபுறக் காவலராக நின்ற ஜோ தாமஸ், 2007 முதல் 2017 வரை தன் அணி பந்தை ஆடிய ஒரு நகர்வைக்கூட விடாமல் தொடர்ந்து 10,363 முறை களத்தில் நின்றார். அவருக்குப் பின்னால் குவார்ட்டர்பேக்குகள் வந்துவந்து போனார்கள். பருவத்துக்குப் பிந்தைய நாக் அவுட் ஆட்டம் ஒன்றில்கூட ஆடும் வாய்ப்பு அவருக்குக் கிடைக்கவில்லை. ஆனாலும் 2023இல், சிறந்த ஆட்டக்காரர்களைக் கௌரவிக்கும் புகழ் மண்டபத்தில் அவருக்கு இடம் கொடுத்தார்கள்.