தலைவரின் சொந்த ஒழுக்கத்தையும் பார்க்க வேண்டுமா?
பார்க்கத்தான் வேண்டும், ஆனால் எல்லாவற்றையும் அல்ல. 1963இல் பிரிட்டனின் போர்த்துறை அமைச்சராக இருந்த ஜான் புரொஃபூமோவை எடுத்துக்கொள்ளுங்கள். கல்யாணமானவர், கிறிஸ்டின் கீலர் என்ற இளம்பெண்ணோடு தொடர்பு. சரி, அது அவர் வீட்டுச் சண்டை என்று விட்டிருக்கலாம், அந்தப் பெண்ணுக்கு சோவியத் கடற்படை அதிகாரி ஒருவரோடும் பழக்கம் இல்லாமல் இருந்திருந்தால். அதைவிட மோசம், மார்ச்சில் நாடாளுமன்றத்தில் எழுந்து நின்று தப்பாக எதுவும் நடக்கவில்லை என்று சாதித்தார். ஜூனில், சொன்னது பொய் என்று ஒப்புக்கொண்டு பதவி விலகினார்.

நான் பார்ப்பது இதைத்தான்: சொந்த விஷயம் பதவியைத் தொடுகிறதா, மாட்டிக்கொண்டால் நம்மிடமே புளுகுகிறாரா. மற்றதெல்லாம் டீக்கடைப் பேச்சு.

அப்புறம், அதே மனிதர் கிழக்கு லண்டனில் டாயின்பீ ஹால் என்ற தொண்டு அமைப்பில் பல வருடம் சம்பளமில்லாமல் உழைத்தார். மரியாதை உண்டு. ஆனாலும் அமைச்சர் நாற்காலியை நான் திருப்பிக் கொடுத்திருக்க மாட்டேன்.