67 வயது கேப்டனும் உங்கள் மாப்பிள்ளையும்

கேள்வி: எங்கள் மாப்பிள்ளை துணை விமானி. விமானிகளின் வயது வரம்பை 65-லிருந்து 67 ஆக்கக் கூடாது என்று விமானிகள் சங்கங்களே எதிர்க்கின்றனவாம். ஏன் என்று கேட்டால் ‘பயணிகள் பாதுகாப்பு’ என்கிறார். பெரியவர்கள் போனால்தானே இவருக்குப் பதவி உயர்வு? கை நிறையச் சம்பளம் வாங்குகிறவர்களுக்குச் சுயநலத்துக்காக ஒரு சங்கம் தேவையா?
– வாசகி, ஈசூன்

பதில்: பதவி உயர்வு என்று கணித்தீர்களே, அது சரி. அதைச் சுயநலம் என்று ஒதுக்குகிறீர்களே, அதைத்தான் நான் ஏற்க மாட்டேன்.

ஒரு கேப்டன் 65 வயதில் இறங்கினால், வலது இருக்கையில் உள்ள துணை விமானி ஒருவர் இடது பக்கக் கேப்டன் இருக்கைக்கு நகர்வார். அவர் விட்ட இடத்துக்குக் கீழிருந்து இன்னொருவர் வருவார். கேப்டன் இரண்டு ஆண்டு கூடுதலாக இருந்தால் இந்த வரிசை முழுவதும் இரண்டு ஆண்டு நின்றுபோகும். வீட்டுக் கடன், பிள்ளைகளின் படிப்பு எல்லாவற்றையும் அந்த உயர்வை நம்பித்தான் ஒருவர் திட்டமிடுகிறார். சந்தா கட்டுகிற உறுப்பினருக்காகச் சங்கம் பேசாமல் வேறு யார் பேசுவார்கள்?

சங்கங்கள் மேல் என் வருத்தம் வேறு. வாய்ப்பு பற்றிய பேச்சை வாய்ப்பு என்றே சொல்லாமல் ‘பாதுகாப்பு’ என்று சொல்கிறார்கள். முதலாளிகளும் இதையே செய்கிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அமெரிக்காவில் 60 வயது வரம்பு எப்படி வந்தது என்று பாருங்கள். ஜெட் விமானங்கள் வந்த புதிது. 1959-ல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தலைவர் சி.ஆர். ஸ்மித், விமானத்துறை ஆணையத்தின் தலைவர் கெஸாடாவுக்குக் கடிதம் எழுதி, 60 வயதில் விமானிகளை நிறுத்தச் சட்டம் கேட்டார். அந்த ஆண்டு முடிவதற்குள் விதி வந்தது. 1960-ல் நடப்புக்கும் வந்தது. கெஸாடா பதவியை விட்டதும் அதே நிறுவனத்தின் இயக்குநர் குழுவில் உட்கார்ந்தார். விமானிகள் சங்கம் விதியை எதிர்த்து நீதிமன்றம் போய்த் தோற்றது. அதே சங்கம் 1980-ல் கட்சி மாறி, 60-ஐக் காக்கப் புறப்பட்டது. 2007-ல் மறுபடியும் மாறி, 65-க்குத் தலையாட்டியது. விமானி அப்போதும் அதே மனித உடம்புதான். மாறியதெல்லாம் பணிமூப்புப் பட்டியலில் யார் எங்கே நிற்கிறார், ஓய்வூதியம் என்ன ஆயிற்று என்பவை.

2007 டிசம்பர் 13-ல், வரம்பை 65 ஆக்கிய சட்டம் கையெழுத்தானது. அதற்கு முந்தைய வாரம் 60 முடித்தவர் வீட்டுக்குப் போனார். திரும்ப வேண்டுமென்றால் புது ஆளாகப் பட்டியலின் கடைசியில் சேர வேண்டும். மறு வாரம் 60 முடித்தவருக்கு முழுதாக ஐந்து ஆண்டு கிடைத்தது. இதில் பாதுகாப்பு எங்கே இருக்கிறது?

இப்போது 67 கேட்பது விமான நிறுவனங்களின் உலக அமைப்பான அயாட்டா. விமானிகளுக்குத் தட்டுப்பாடு வந்ததும் முதியவர்களின் அனுபவம் அவர்களுக்கு அருமையாகத் தெரிகிறது. 2025-ல் மாண்ட்ரியலில் கூடிய அனைத்துலக சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு அந்தக் கோரிக்கையை ஏற்கவில்லை. அமெரிக்க நாடாளுமன்றமும் 2024 சட்டத்தில் 67-ஐச் சேர்க்கவில்லை.

சரி, பாதுகாப்பு என்பது வெறும் சாக்குதானா? முழுக்க அப்படிச் சொல்ல மாட்டேன். வயது ஏற ஏற மாரடைப்பு, பக்கவாத அபாயம் கூடுகிறது. யாரும் மறுக்க முடியாது. ஆனால் வானில் இறந்த கேப்டன்களின் வயதைக் கவனியுங்கள். 2009-ல் பிரசல்ஸிலிருந்து நுவார்க் போன விமானத்தில் இறந்தவருக்கு 60. 2015-ல் ஃபீனிக்ஸிலிருந்து பாஸ்டன் போன விமானத்தில் 57. 2024-ல் சியாட்டலிலிருந்து இஸ்தான்புல் போன விமானத்தில் 59. மூன்று விமானங்களையும் உடனிருந்த விமானிகள் பத்திரமாக இறக்கினார்கள். பயணிகளைக் காப்பாற்றியது இரண்டாவது இருக்கையில் இருந்த தேர்ந்த ஆள். அதனால்தான், விமானி அறையில் ஒரே ஆள் போதும் என்று யாராவது கிளம்பினால் அதைச் சங்கங்கள் உயிரைக் கொடுத்தாவது எதிர்க்க வேண்டும் என்கிறேன். அங்கே ‘பாதுகாப்பு’ என்ற சொல்லுக்கு முழு மதிப்பு வேண்டுமானால், இங்கே அதை வீணாக்கக் கூடாது.

60 தாண்டிய விமானிக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை. அப்புறம், தரையில் இருந்தபடி விமானம் ஓட்டிப் பழகும் சிமுலேட்டர்: ஓடுபாதையில் வேகம் எடுத்து, இனி நிறுத்த முடியாது என்ற நொடியில் பயிற்சியாளர் ஒரு இயந்திரத்தை அணைத்துவிடுவார். விமானம் ஒரு பக்கம் இழுக்கும். வாலில் உள்ள ரடர் என்னும் சுக்கானைக் காலால் இயக்கி, நேராக்கி, மேலே ஏற்றிக் காட்ட வேண்டும். இந்தச் சோதனைகளை முதியவர்களுக்கு இன்னும் கடுமையாக்கலாம், நினைவுத்திறன் சோதனையையும் சேர்க்கலாம். பிறந்த தேதியை மட்டும் பார்ப்பதைவிட அது நேர்மையானது.

சிங்கப்பூரில் இந்த விவகாரம் மற்ற இடங்களைவிடக் கூர்மையானது. ஜப்பானில் 67 வயதுக்காரர் உள்நாட்டு விமானம் ஓட்டலாம். ஆஸ்திரேலியாவில் உள்நாட்டுச் சேவைக்கு மேல் வரம்பே இல்லை. நமக்கு உள்நாட்டுச் சேவை ஏது? சாங்கியிலிருந்து எந்தப் பயணிகள் விமானம் கிளம்பினாலும் அடுத்து இறங்குவது வேறு நாட்டில். ஆகவே அனைத்துலக வரம்பான 65 நம் விமானிக்கு இரும்புக் கதவு. இங்குள்ள சட்டமோ மறுவேலைவாய்ப்பு வயதை 2022-ல் 68 ஆக்கியது. 2026 ஜூலை 1 முதல் அது 69. மற்ற ஊழியர்களுக்கு 65-க்குப் பிறகும் வேலை தரச் சொல்லும் நாட்டில், விமானி மட்டும் தன் தொழிலில் தொடர வழியில்லை.

சங்கம் தேவையா என்றீர்கள். 1980-ல் இங்கே, விதியில் உள்ளதற்கு மேல் எதுவும் செய்ய மாட்டோம் என்று போராடியதற்காக அன்றைய விமானிகள் சங்கத்தின் பதிவே ரத்தானது; அதன் பிறகுதான் இன்றைய சங்கம் 1981-ல் உருவானது. 2003-ல் சார்ஸ் கால ஊதியக் குறைப்புக்கு இணங்கிய நிர்வாகிகளை உறுப்பினர்களே வாக்களித்து வெளியேற்றினார்கள். அரசாங்கம் மறு ஆண்டு தொழிற்சங்கச் சட்டத்தைத் திருத்தி, உறுப்பினர்களின் ஒப்புதல் வாக்கெடுப்பு இல்லாமலே நிர்வாகிகள் உடன்பாடு செய்யலாம் என்றாக்கியது. கை நிறையச் சம்பளம் வாங்குகிறவர்களின் குரலுக்கே இந்தக் கதி என்றால், குறைந்த சம்பளக்காரர் நிலையை யோசியுங்கள்.

உங்கள் மாப்பிள்ளை அடுத்த சங்கக் கூட்டத்தில் இரண்டு விஷயம் கேட்கட்டும். வரம்பு என்றைக்காவது உயர்ந்தால், காத்திருக்கும் துணை விமானிகளுக்கு அந்த ஆண்டுகளுக்கு ஊதிய ஈடு உண்டா? வரம்பு உயராவிட்டால், 65-ல் இறங்கும் கேப்டனுக்கு 69 வரை சிமுலேட்டர் பயிற்சியாளர் வேலையை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்க முடியுமா? அடுத்த ஆண்டு இறங்கப்போகும் 64 வயதுக் கேப்டனும் இத்தனை காலம் சந்தா கட்டியவர்தான்.