வட்டி 4% தருகிறார்கள், சரி. பணத்தை எப்போது திருப்பித் தருவார்கள்?

கேள்வி: டெக்சாஸில் ஃபிரிஸ்கோவில் இருக்கிறோம். சேர்த்து வைத்த 80,000 டாலர் ஒரு பெரிய வங்கியின் சேவிங்ஸ் கணக்கில் 0.01% வட்டிக்குக் கிடக்கிறது. இன்னும் பத்து மாதத்துக்குள் வீடு வாங்குவதாகத் திட்டம், டவுன் பேமென்ட்டுக்கு இந்தப் பணம்தான். ஆன்லைன் வங்கியில் மணி மார்க்கெட் அக்கவுண்ட் திறந்தால் 4% வரை கிடைக்கும் என்று ஆபீஸ் நண்பர் சொன்னார். திறக்கப் போனேன். மாதத்துக்கு ஆறு முறைதான் பணம் எடுக்கலாம், புதுக் கணக்கில் போட்ட பணத்துக்கு ஹோல்ட் (சில நாள் எடுக்க முடியாமல் நிறுத்தி வைப்பது) உண்டு, ஒரு நாளைக்கு இவ்வளவுதான் அனுப்பலாம் என்றெல்லாம் விதிமுறைகளில் படித்ததும் பயந்துபோய் நிறுத்திவிட்டேன். மனைவி ஹெச்-4 விசாவில் இருக்கிறார், சோஷியல் செக்யூரிட்டி நம்பர் கிடையாது. மச்சானோ, ஊரில் என்ஆர்ஈ டெபாசிட்டில் (வெளிநாட்டில் வாழும் இந்தியர்களுக்கான ரூபாய்க் கணக்கு) போட்டால் இதைவிட வட்டி அதிகம் என்கிறான். என்ன செய்யலாம்?

பதில்: முதலில் மச்சான் யோசனையை முடித்துவிடலாம். என்ஆர்ஈ ஃபிக்ஸட் டெபாசிட்டுக்குக் குறைந்தபட்சக் காலம் ஒரு வருடம், அதற்குள் உடைத்தால் வட்டியே கிடையாது. உங்களுக்குப் பத்து மாதத்தில் பணம் வேண்டும். அந்த வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லையே தவிர, அமெரிக்காவில் உண்டு. வெளிநாட்டுக் கணக்குகளில் மொத்தம் 10,000 டாலரைத் தாண்டினால் எஃப்பார் என்கிற வெளிநாட்டுக் கணக்கு அறிக்கையைத் தாக்கல் செய்ய வேண்டும். நடுவில் ரூபாய் சரிந்தால் கூடுதல் வட்டியெல்லாம் அதிலேயே போய்விடும். டாலரில் வாங்கப்போகிற வீட்டுக்கான பணம் டாலரிலேயே இருக்கட்டும், மச்சானிடம் அன்பாகச் சொல்லிவிடுங்கள்.

இப்போது உங்கள் 80,000. 0.01% வட்டியில் வருடத்துக்கு 8 டாலர் வருகிறது. 4% என்றால் 3,200 டாலர், அதாவது நாளைக்கு 8.77. பழைய கணக்கு ஒரு வருடம் முழுக்கத் தருவதைப் புதிய கணக்கு ஒரே நாளில் தாண்டிவிடும். இந்த வட்டி சம்பளத்தோடு சேர்ந்து வரிக்குப் போகும், ஜனவரியில் வட்டி வருமானத்தைக் காட்டும் 1099-இன்ட் படிவம் வரும். நீங்கள் 22% வரி வரம்பில் இருந்தால் 704 டாலர் வரி போக 2,496 கையில் நிற்கும். டெக்சாஸில் மாநில வருமான வரி இல்லாததால் அதோடு சரி. ஆக மாற்றலாமா வேண்டாமா என்பதில் யோசிக்க ஒன்றுமில்லை. எங்கே மாற்றுவது என்பதில்தான் இருக்கிறது.

அதற்கு முன்னால் ஒரு பெயர்க் குழப்பம். மணி மார்க்கெட் அக்கவுண்ட் என்பது வங்கி டெபாசிட், 1982-ல் வந்த கார்ன்-செயின்ட் ஜெர்மெயின் சட்டத்தால் உருவானது, வங்கி திவாலானால் பணத்தைத் தரும் எஃப்டிஐசி என்கிற அரசு அமைப்பின் காப்பீடு உண்டு. மணி மார்க்கெட் ஃபண்ட் என்பது புரோக்கரேஜ் கணக்கில் வாங்குகிற மியூச்சுவல் ஃபண்ட், அதற்கு அந்தக் காப்பீடு இல்லை. பெரும்பாலும் ஒன்றும் ஆகாது என்பது உண்மைதான், ஆனாலும் 2008 செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் விழுந்தபோது அதன் கடன் பத்திரங்களை வைத்திருந்த ரிசர்வ் பிரைமரி ஃபண்டில் ஒரு டாலர் யூனிட்டின் மதிப்பு 97 சென்ட்டுக்கு இறங்கியது. அரசுப் பத்திரங்களில் மட்டும் போடும் ஃபண்டுகள் இதைவிடப் பத்திரமானவை, அவற்றின் வட்டிக்கு மாநில வரி விலக்கும் உண்டு, கலிஃபோர்னியாவில் இருப்பவருக்கு அது பெரிய விஷயம். உங்களுக்கு மாநில வரியே இல்லை என்பதால் டெபாசிட்டே போதும். காப்பீடு ஒரு வங்கியில் ஒரு நபருக்கு 2,50,000 டாலர் வரை, உங்கள் மொத்தப் பணமும் அதற்குள் அடங்கிவிடுகிறது.

சரி, அந்த ஆறு முறை. இது மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வின் ரெகுலேஷன் டி-யிலிருந்து வந்தது. செக்கிங் கணக்குப் பணத்துக்கு வங்கிகள் ஒரு பங்கை ரிசர்வாக ஒதுக்கி வைக்க வேண்டும், சேமிப்புக் கணக்குக்கு வேண்டாம் என்று இருந்த காலத்தில், சேமிப்பு என்று சொல்லிக்கொண்டு செக்கிங் போல ஓட்டிவிடக் கூடாது என்பதற்காகப் போட்ட வேலி. 2020 மார்ச்சில் அந்த ரிசர்வ் விகிதத்தையே பூஜ்ஜியமாக்கிவிட்டார்கள், ஏப்ரல் 24-ம் தேதி ஆறு முறை வரம்பையும் எடுத்துவிட்டார்கள். ஆனால் எடுத்தது ஃபெட் மட்டும்தான். வங்கி விரும்பினால் தன் விதியாகத் தொடரலாம், பல வங்கிகள் இன்றும் தொடர்கின்றன, நீங்கள் படித்தது அதைத்தான்.

இதற்குப் பயப்பட வேண்டியதில்லை. வழக்கமாகக் கணக்கில் வருவது ஆன்லைன் டிரான்ஸ்ஃபர், போனில் சொல்லி மாற்றுவது, செக், டெபிட் கார்டில் பொருள் வாங்குவது, மாதாமாதம் தானாகப் போகும் பில் இவையெல்லாம். ஏடிஎம்மில் எடுப்பது, நேரில் கவுண்டரில் எடுப்பது இரண்டும் பழைய விதியிலேயே கணக்கில் வராதவை. பணம் போடுவதற்கு எந்த வரம்பும் கிடையாது. தாண்டினால் ஒவ்வொரு முறைக்கும் ஒரு கட்டணம் பிடிப்பார்கள், அடிக்கடி தாண்டினால் கணக்கைச் செக்கிங்காக மாற்றிவிடவோ மூடிவிடவோ செய்வார்கள். கிரெடிட் கார்டு பில், கரண்ட் பில், நெட்ஃப்ளிக்ஸ் எதையும் இந்தக் கணக்கோடு கட்டிவிடாதீர்கள். தேவைப்படும்போது ஒரே தடவையாகச் செக்கிங்குக்கு எடுத்து அங்கிருந்து செலவு செய்தால் பத்து மாதத்தில் ஒருமுறைகூட ஆறைத் தொட மாட்டீர்கள். டவுன் பேமென்ட் பணத்துக்கு ஆறு முறை என்பது தாராளம்.

உங்களை உண்மையில் சிரமப்படுத்தக்கூடியது ஹோல்டும் அன்றாட வரம்பும்தான், ஆட்கள் இதைப் படிக்காமலே 'அக்ரீ' அமுக்கிவிடுகிறார்கள்.

வங்கிகளுக்கு இடையே பணத்தை நகர்த்தும் ஏசிஎச் வழியாகப் பணம் இரண்டு விதமாகப் போகும். புதிய வங்கியின் ஆப்பில் உட்கார்ந்து 'என் பழைய கணக்கிலிருந்து 80,000 எடுத்துக்கொள்' என்றால் அது இழுப்பது. பழைய வங்கியில் உட்கார்ந்து 'புதிய கணக்குக்கு அனுப்பு' என்றால் அது தள்ளுவது. இழுக்கும்போது அந்தப் பணம் நிஜமாகவே உங்களுடையதா, பழைய கணக்கில் அவ்வளவு இருக்கிறதா என்று புதிய வங்கிக்குத் தெரியாது, திரும்பிவிடலாம் என்று ஐந்து வேலை நாளோ அதற்கு மேலோ நிறுத்தி வைக்கும். இத்தனை நாளுக்கு மேல் செக்கை ஹோல்டில் வைக்கக் கூடாது என்கிற ரெகுலேஷன் சிசி-யும் சேமிப்பு, மணி மார்க்கெட் கணக்குகளுக்குப் பொருந்தாது, அங்கே வங்கி ஒப்பந்தத்தில் எழுதியதுதான் சட்டம். சில வங்கிகள் இன்னும் ஒரு படி மேலே போய், இழுத்த பணத்தை 60 நாளைக்கு வந்த கணக்குக்கே திருப்பி அனுப்பலாம், மூன்றாவது கணக்குக்கு அனுப்ப முடியாது என்று வைத்திருக்கின்றன. காரணம் இருக்கிறது: 'இந்தப் பணத்தை நான் அனுப்பவில்லை' என்று தனிநபர் புகார் கொடுத்து ஏசிஎச் பற்றைத் திருப்ப 60 நாள் அவகாசம் உண்டு. திருடிய கணக்கு எண்ணிலிருந்து இழுத்து வேறு இடத்துக்குக் கடத்துகிறவர்களைத் தடுக்க இது. நியாயம்தான், ஆனால் வீட்டு விற்பனையை முடித்துத் தரும் டைட்டில் கம்பெனிக்கு வயர் (வங்கிகளுக்கு இடையே உடனடியாகப் பணம் அனுப்பும் முறை) அனுப்பக் காத்திருக்கும் மனிதருக்கு அந்த நியாயம் உதவாது.

ஆகவே தள்ளுங்கள், இழுக்காதீர்கள். முதலில் நூறு டாலர் அனுப்பிப் பாருங்கள். அது வந்ததும் பத்து டாலரைத் திருப்பி எடுத்துப் பாருங்கள், எத்தனை நாள் ஆகிறது, எந்தத் திரையில் எந்த வரம்பு காட்டுகிறது என்று கண்ணால் பார்த்துவிடுவீர்கள். அப்புறம் மொத்தத்தையும் அனுப்பலாம். பழைய வங்கிக்கும் ஒரு நாள் வரம்பு இருக்கும், 10,000 என்று இருந்தால் எட்டு வேலை நாள் எடுக்கும், எடுக்கட்டும். அவசரமென்றால் கிளைக்குப் போய் ஒரே வயரில் அனுப்பிவிடலாம், முப்பது டாலர் அளவில் கட்டணம், 4% வட்டியில் நான்கு நாளில் திரும்பிவிடும்.

வெளியே வரும் வழியை இதைவிடக் கவனமாகப் பார்க்க வேண்டும். கணக்கு திறப்பதற்கு முன்னாலேயே வங்கிக்குப் போன் போட்டு மூன்று கேள்வி கேளுங்கள். ஒரு நாளைக்கு, ஒரு மாதத்துக்கு ஏசிஎச்சில் எவ்வளவு வெளியே அனுப்பலாம்? வெளியே வயர் அனுப்புகிற வசதி உண்டா, ஆப்பிலேயே செய்யலாமா, படிவம் நிரப்பித் திரும்பப் போன் செய்து சரிபார்ப்பார்களா, எத்தனை மணிக்குள் கொடுத்தால் அன்றே போகும்? புதிய கணக்கு என்பதற்காக முதல் சில மாதம் வரம்பு குறைவா? வயர் வசதியே இல்லாத ஆன்லைன் வங்கிகளும் இருக்கின்றன. போனை எடுக்க எவ்வளவு நேரமானது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள், அதுவும் ஒரு பதில்தான்.

ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன். மெமோரியல் டே மே மாதக் கடைசித் திங்கள், உங்கள் குளோசிங் (கையெழுத்துப் போட்டு வீட்டை வாங்கி முடிப்பது) அதற்கு அடுத்த நாள் செவ்வாய் காலை என்று வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளி மாலை ஆறு மணிக்கு ஆபீஸ் முடிந்து வந்து ஆன்லைன் வங்கியிலிருந்து செக்கிங்குக்கு டிரான்ஸ்ஃபர் போடுகிறீர்கள். அன்றைய கட்-ஆஃப் முடிந்துவிட்டது. சனி, ஞாயிறு ஏசிஎச் நகராது. திங்கள் மத்திய அரசு விடுமுறை, ஏசிஎச்சும் இல்லை, வயரும் இல்லை. செவ்வாய்தான் உங்கள் டிரான்ஸ்ஃபர் புறப்படவே செய்யும், நீங்களோ அதே காலையில் பேனாவோடு டைட்டில் கம்பெனி மேசையில் உட்கார்ந்திருப்பீர்கள். அதனால் தேதி முடிவானதும் ஒரு வாரத்துக்கு முன்பே பணம் கிளை உள்ள வங்கியின் செக்கிங்கில் வந்து உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த ஒரு வாரத்துக்கு 61 டாலர் வட்டி போகும், போகட்டும்.

டெக்சாஸ் என்பதால் இன்னொன்று. இங்கே மாநில ரியல் எஸ்டேட் ஆணையமான டிரெக்கின் வழக்கமான ஒப்பந்தப் படிவத்தில், ஒப்பந்தம் அமலாகி மூன்று நாளுக்குள் எர்னஸ்ட் மணியும் (முன்பணம்) ஆப்ஷன் ஃபீயும் (சில நாளுக்குள் ஒப்பந்தத்திலிருந்து விலகும் உரிமைக்கான கட்டணம்) பணத்தைப் பொதுவில் வைத்திருக்கும் எஸ்க்ரோ ஏஜென்ட்டிடம் போய்ச் சேர வேண்டும். ஆஃபர் ஏற்றுக்கொண்டார்கள் என்று வியாழன் இரவு ஏஜென்ட் போன் செய்த பிறகு ஆன்லைன் வங்கியைத் திறந்து ஏசிஎச் போட்டுக்கொண்டிருக்க முடியாது. ஆகவே 80,000-ஐயும் கொண்டுபோய்க் கொட்டாதீர்கள். வீட்டு விலையில் ஒரு சதவீதம், கூட இன்ஸ்பெக்ஷன் செலவு, மொத்தம் ஒரு எட்டாயிரம் செக்கிங்கிலேயே இருக்கட்டும். கடன் தரும் நிறுவனம் பொதுவாகக் கடைசி இரண்டு மாத ஸ்டேட்மென்ட் கேட்கும், அதில் பெரிய தொகை திடீரென்று வந்திருந்தால் எங்கிருந்து என்று விளக்கம் கேட்கும். மாற்றுவதாக இருந்தால் இப்போதே மாற்றிவிடுங்கள், இரண்டு வங்கிகளின் ஸ்டேட்மென்ட்டுகளையும் எடுத்து வையுங்கள். வீடு பார்க்க ஆரம்பித்த பிறகு, அங்கே கால் சதவீதம் அதிகம் என்று இன்னொரு வங்கிக்குத் தாவுகிற வேலை வேண்டாம்.

கால் சதவீதம் என்றதும் நினைவுக்கு வருகிறது, பலபேர் 4.00-க்கும் 4.25-க்கும் நடுவே ராத்திரி தூக்கத்தைத் தொலைக்கிறார்கள். 80,000-க்கு அது வருடத்துக்கு 200 டாலர், மாதத்துக்குப் பதினாறு சொச்சம். தவிர இந்த வட்டி நிலையானதும் இல்லை. 2022 மார்ச் முதல் ஃபெட் வட்டியை ஏற்றிக்கொண்டே போனபோது 2023-ல் இந்தக் கணக்குகளும் 5 சதவீதம் வரை கொடுத்தன, 2024 செப்டம்பரில் குறைக்க ஆரம்பித்ததும் இறங்கின. நாளைக்கு எவ்வளவு என்று யாரும் எழுதிக் கொடுக்க மாட்டார்கள். மேலே சொன்ன கேள்விகளுக்குத் தெளிவாகப் பதில் சொல்லும் வங்கி 4.00 கொடுத்தால், மழுப்புகிற 4.25-ஐ விட அதையே நான் எடுப்பேன். 4% எல்லாத் தொகைக்குமா, குறிப்பிட்ட தொகைக்கு மேலா, முதல் மூன்று மாதத்துக்கு மட்டுமா, சம்பள டைரக்ட் டெபாசிட் வந்தால்தானா என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இது வங்கிதானா என்பதையும் பாருங்கள். அழகான ஆப், அதிக வட்டி, அடியில் பொடி எழுத்தில் 'நாங்கள் வங்கி அல்ல, எங்கள் கூட்டாளி வங்கியில் உங்கள் பணம் எஃப்டிஐசி காப்பீட்டோடு இருக்கிறது' என்று எழுதியிருந்தால் நகர்ந்துவிடுங்கள். அப்படிப்பட்ட ஆப்களுக்கும் வங்கிகளுக்கும் நடுவில் இருந்த சினாப்ஸ் என்ற நிறுவனம் 2024 ஏப்ரலில் திவாலானது. மே மாதத்தில் யோட்டா, ஜூனோ போன்ற ஆப்களில் பணம் வைத்திருந்தவர்களின் கணக்குகள் முடங்கின. யாருடைய பணம் எந்த வங்கியில் எவ்வளவு என்று கணக்கு ஒத்துவரவில்லை, நீதிமன்றம் நியமித்த டிரஸ்டி 65 முதல் 96 மில்லியன் டாலர் வரை குறைகிறது என்றார். எஃப்டிஐசி கொடுக்கவில்லை, ஏனென்றால் திவாலானது வங்கி அல்ல. எஃப்டிஐசி இணையதளத்தில் பேங்க்ஃபைண்ட் என்று ஒரு வசதி இருக்கிறது, வங்கியின் பெயரைப் போட்டால் சொல்லிவிடும். கிரெடிட் யூனியன் (உறுப்பினர்களே சொந்தக்காரர்களான கூட்டுறவு அமைப்பு) என்றால் காப்பீடு என்சியுஏ என்கிற அரசு அமைப்பிடம், அங்கேயும் அதே 2,50,000.

மனைவி விஷயம். பல ஆன்லைன் வங்கிகள் ஜாயிண்ட் கணக்குக்கு இருவருக்கும் சோஷியல் செக்யூரிட்டி நம்பர் கேட்கும், ஐடின் (சோஷியல் செக்யூரிட்டி நம்பர் இல்லாதவர்களுக்கு வரித்துறை தரும் எண்) வைத்துத் திறக்கும் வங்கிகள் குறைவு. அதற்காக இந்த வேலையைத் தள்ளிப்போடாதீர்கள். இப்போதைக்கு உங்கள் பெயரில் திறந்து மனைவியை பிஓடி பெனிஃபிஷியரியாக (உங்களுக்குப் பின் பணம் பெறுபவராக) போடுங்கள், உங்களுக்கு ஏதாவது ஆனால் பணம் புரோபேட் என்கிற நீதிமன்ற நடைமுறை இல்லாமல் அவருக்குப் போகும். அந்தக் கணக்கு எங்கே இருக்கிறது, எப்படிக் கேட்பது என்று அவருக்கும் தெரிந்திருக்கட்டும். செக்கிங் கணக்கு வைத்திருக்கும் கிளை வங்கியில் பாஸ்போர்ட், ஐடின் காட்டி அவரைச் சேர்க்க முடியுமா என்று தனியாகக் கேட்டுப் பாருங்கள்.

குளோசிங்குக்கு இரண்டு மூன்று நாள் முன்னால் 'வயர் விவரம் மாறிவிட்டது, இந்தக் கணக்குக்கு அனுப்புங்கள்' என்று டைட்டில் கம்பெனி பெயரில் ஒரு மெயில் வரலாம். வீடு வாங்குகிறவர்களைக் குறிவைத்து நடக்கிற மோசடி இது, வயர் போய்விட்டால் திரும்ப வாங்குவது மிகக் கடினம். அந்த மெயிலில் இருக்கும் எண்ணுக்கு இல்லை, ஒப்பந்தம் போட்ட அன்று நேரில் வாங்கிய எண்ணுக்கு போன் செய்து, கணக்கு எண்ணை ஒவ்வொரு இலக்கமாக அவர்கள் வாயால் சொல்லச் சொல்லிச் சரிபார்த்த பிறகு அனுப்புங்கள்.