மனம் வராத நாளில் எழுதுவது எப்படி? உங்கள் கேள்விகளுக்கு என் பதில்கள்

இருபது ஆண்டுகளாகச் சிறுகதை எழுதுகிறேன். பகலில் சிங்கப்பூரின் ஜூரோங் ஈஸ்ட்டில் கணக்கு வேலை. நீங்கள் அனுப்பிய கேள்விகளில் பெரும்பாலானவற்றில் ஒரே குறைதான்: எழுத ஆசை இருக்கிறது, உட்கார மனம் வருவதில்லை. முடிந்தவரை சொல்கிறேன்.

அக்கா, வேலை முடிந்து வீடு திரும்ப இரவு எட்டாகிவிடுகிறது. மனம் வரட்டும், எழுதலாம் என்று காத்திருந்தே நாலு மாதம் போய்விட்டது. (ஈசூன்)

தம்பி, மனம் வந்த பிறகு எழுதலாம் என்று நானும் பல ஆண்டு இருந்தேன். வரவில்லை. எழுதத் தொடங்கிய பிறகுதான் வந்தது, அதுவும் பத்து நிமிடம் கழித்து. எட்டு மணிக்குக் களைத்துப்போன உடம்பிடம் கதை கேட்காதீர்கள். வேறு நேரம் தேடுங்கள்.

நான் தெம்பனிசில் ரயில் ஏறுகிறேன். காலாங் தாண்டியதும் வண்டி நிலத்தடிக்குள் இறங்கும். ஜன்னல் கறுத்ததும் நோட்டைத் திறந்துவிடுவேன். லவண்டர் முதல் தியோங் பாரு வரை ஏழு நிலையங்கள். ரெட்ஹில்லில் வெளிச்சம் வந்ததும் மூடிவிடுவேன், வாக்கியம் பாதியில் நின்றாலும் சரி. இடம் கிடைக்காத நாளில் கம்பியில் சாய்ந்துகொண்டு கைப்பேசியில் தட்டுவேன். 'இன்று எழுதலாமா?' என்று என்னை நானே கேட்பதே இல்லை. இருட்டு வந்தால் எழுத வேண்டும், அவ்வளவுதான். பாதியில் நின்ற வாக்கியம் மறுநாள் பெரிய உதவி. எங்கே தொடங்குவது என்று முழிக்க வேண்டியதில்லை.

உங்கள் பாதையிலும் இப்படி ஓர் அடையாளம் இருக்கும். கோப்பிக் கடையில் கோப்பி ஆறும் நேரம்கூடப் போதும்.

21 நாள் விடாமல் செய்தால் பழக்கமாகிவிடும் என்கிறார்களே? நான் 9ஆம் நாளில் விட்டுவிட்டேன். (புக்கிட் பாத்தோக்)

அந்த 21 நாள் கணக்கை நம்பி மனம் உடைய வேண்டாம். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை வைத்து ஆராய்ந்து, 2009இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு செயல் தானாக நடக்கும் நிலைக்கு வரச் சராசரியாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 நாள் வரை என்று கணக்கிட்டார்கள். ஒருநாள் தவறியதால் பழக்கம் கெட்டுப்போகவில்லை என்பதுதான் எனக்கு அதில் மிகவும் பிடித்த செய்தி. 10ஆம் நாளைத் தொடங்குங்கள்.

நான் எழுதுவதில்லை, வீணை வாசிப்பவள். ஒரு மாதமாகத் தொடவே இல்லை. (செங்காங்)

உறையிலிருந்து எடுத்துப் பாயில் வைத்துவிடுங்கள், தங்கச்சி. அலமாரியைத் திறந்து, உறையைக் கழற்றி, இடம் ஒதுக்குவதற்குள்ளேயே மனம் பின்வாங்கிவிடும். இன்று சுருதி சேர்த்தால் போதும்.

போட்டிக்கு எழுதினால் உந்துதல் வருமா? (பெடோக்)

கதையை முடிக்க வைக்கும், அதில் சந்தேகமில்லை. என் இரண்டு கதைகள் தங்கமுனை விருது என்ற எழுத்துப் போட்டியின் கடைசித் தேதிக்குப் பயந்துதான் முடிந்தன. ஆனால் அது இரண்டு ஆண்டுக்கு ஒருமுறைதான் வருகிறது. நடுவில் என்ன செய்வது? ஒரு தோழியும் நானும் மாதத்தில் ஒரு சனிக்கிழமை தேக்காவில் சந்தித்து ஆளுக்கு இரண்டு பக்கம் மாற்றிக்கொள்வோம். வெறுங்கையோடு போக வெட்கமாக இருக்கும். எனக்கு அந்த வெட்கம் வேலை செய்கிறது.

அப்பா தவறி ஏழு மாதம். எழுத்து மட்டுமில்லை அக்கா, சாப்பாடு, தூக்கம் எதிலுமே பிடிப்பில்லை. (பெயர் வேண்டாம்)

உங்களுக்கு நான் எழுத்துப் பயிற்சி எதுவும் சொல்லப் போவதில்லை. இதைச் சோம்பல் என்று நினைத்து உங்களையே திட்டிக்கொள்ளாதீர்கள். பலதுறை மருந்தகத்தில் மருத்துவரிடம் இப்போது எனக்குச் சொன்னதை அப்படியே சொல்லுங்கள். இரவில் தாங்க முடியாவிட்டால் 1771 என்ற மனநல உதவி எண் 24 மணி நேரமும் இருக்கிறது. கதை காத்திருக்கும்.

உட்கார்ந்தால் எழுதிவிடுகிறேன். ஆனால் படித்துப் பார்த்தால் மட்டமாக இருக்கிறது, கிழித்துவிடுகிறேன். (தோ பாயோ)

ஐயா, கிழிக்காதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். மனம் சோர்ந்த நாளில் எழுதியது, உண்மையில் இருப்பதைவிட அன்று மோசமாகத்தான் தெரியும். ஒரு வாரம் மூடி வையுங்கள்.

போன ஆண்டு ஒருநாள் 'அம்மா அழுதாள்' என்று மட்டும் எழுதிவிட்டு நோட்டை மூடினேன். ஒன்றுமில்லாத வரி. ஆனால் அது அங்கே இருந்ததால்தான், மூன்று வாரம் கழித்து விக்டோரியா ஸ்திரீட் நூலகத்தில் உட்கார்ந்து, அவள் எப்படி அழுவாள் என்று யோசிக்க முடிந்தது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, முந்தானையால் ஒரு பக்கம் மட்டும் துடைத்து, திரும்பப் போட்டுக்கொள்வாள். மற்றப் பக்கம் ஈரமாகவே இருக்கும்.