அப்பாவுக்குத் தைராய்டு புற்றுநோய், ஆபரேஷன் முடியாது, கரண்ட் (கதிர்வீச்சு சிகிச்சை) வைக்கலாம் என்கிறார்கள். சம்மதிக்கலாமா?

எங்கள் பெரியம்மாவுக்கும் இதையேதான் சொன்னார்கள். இருபது வருஷமாகக் கழுத்தில் எலுமிச்சை அளவில் சும்மா கிடந்த கழலை, ரெண்டே மாதத்தில் தேங்காய் மூடி அளவுக்கு வீங்கிவிட்டது. குரல் கம்மிவிட்டது, படுத்தால் மூச்சு இழுத்தது. பயாப்ஸியில் (கட்டியிலிருந்து துளி சதை எடுத்துச் சோதிப்பது) அனபிளாஸ்டிக் என்று வந்தது, தைராய்டு புற்றுநோயிலேயே வேகமாக வளரும் மோசமான வகை. கட்டி மூச்சுக்குழாயைச் சுற்றிக்கொண்டதால் கத்தி வைக்க வழியில்லை.

நான் டாக்டர் இல்லை, கூட இருந்து பார்த்தவன். அப்பாவுக்கு எந்த வகை என்று முதலில் கேளுங்கள். பாப்பிலரி, ஃபாலிகுலர் என்ற மெதுவாக வளரும் வகைகள் என்றால் பெரும்பாலும் தைராய்டை எடுத்துவிட்டு, தேவைப்பட்டால் அயோடின் 131 என்ற கதிர்வீசும் மாத்திரை கொடுப்பார்கள். அனபிளாஸ்டிக் செல்கள் அயோடினை இழுக்காது, அதனால்தான் வெளியிலிருந்து கரண்ட். வேகமாக வளரும் கட்டி சில சமயம் லிம்போமாவாகவும் (நிணநீர் செல்களில் வரும் புற்றுநோய்) இருக்கும். அது கீமோவுக்கும் கதிருக்கும் நன்றாகவே கரையும். அந்த ஆசையில் பயாப்ஸி ஸ்லைடை இன்னொரு இடத்திலும் காட்டினோம். முடிவு மாறவில்லை. கட்டியில் பிராஃப் (BRAF) என்ற மரபணு மாற்றம் இருந்தால் அதற்கென்று மாத்திரை உண்டு என்று அதையும் பார்த்தார்கள். அதுவும் இல்லை.

அடுத்து நாங்கள் கேட்டது: "இது குணமாக்கவா, மூச்சு அடைக்காம இருக்கவா?" டாக்டர் மறைக்கவில்லை. "ரெண்டாவதுதான்மா. ஆனா உடம்பு தாங்கும்போல இருக்கு, முழு டோஸே கொடுத்துப் பார்ப்போம்" என்றார். மொத்தம் 66 கிரே (கதிர் அளவின் அலகு), 33 நாள், சனி ஞாயிறு லீவு. உடம்பு தாங்காதவர்களுக்கு அஞ்சு நாள், பத்து நாள் என்று சுருக்கிக் கொடுப்பதும் உண்டு.

வெந்நீரில் இளகிய பிளாஸ்டிக் வலையை முகத்திலிருந்து தோள்வரை இழுத்துப் பதித்து மாஸ்க் செய்தார்கள். அதற்காக நாற்பது வருஷமாகக் கழற்றாத மூக்குத்தியைக் கழற்றச் சொன்னபோதுதான் பெரியம்மா முதல் தடவையாக அழுதார். மெஷினுக்கு அடியில் சில நிமிஷம்தான், வலி கிடையாது.

வலி மூன்றாவது வாரம் வந்தது. தொண்டை உள்ளே வெந்துபோய் எச்சில்கூட இறங்கவில்லை. கஞ்சியை ஆறவைத்துக் கொடுத்தாலும் எரிந்தது. கழுத்துத் தோல் கருத்து உரிந்தது. ஒரு சொந்தக்காரர் மஞ்சளும் எண்ணெயும் கொண்டுவந்தார், நல்லவேளை நர்ஸ் பார்த்துத் தடுத்துவிட்டார். சாப்பாடு இறக்கும் மூக்குவழிக் குழாய் வேண்டாம் என்று பெரியம்மா அடம்பிடித்தார், நாங்களும் விட்டுவிட்டோம். ஏழு கிலோ இறங்கி, மயங்கி விழுந்து, நாலு நாள் சிகிச்சை நின்றுபோனது. இடையில் நின்றால் கட்டி மறுபடி வளர இடம் கொடுத்ததாகிவிடும் என்று டாக்டர் கடிந்துகொண்டார். அப்பாவுக்கு விழுங்க முடிகிறபோதே குழாயைப் பற்றிப் பேசிவிடுங்கள். மூச்சு மோசமானால் கழுத்தில் ஓட்டை போடச் சம்மதமா என்பதையும் அவரிடமே கேளுங்கள். அவசரத்தில் ராத்திரி ரெண்டு மணிக்கு அதை முடிவு செய்வது கொடுமை.

இன்னொன்று. கதிர் ஒட்டும் என்று பேரப்பிள்ளைகளைப் பெரியம்மா பக்கத்தில் விடாமல் வைத்திருந்தார்கள். அயோடின் மாத்திரை சாப்பிட்டவர்தான் சில நாள் தனியாக இருக்கவேண்டும். வெளியிலிருந்து கரண்ட் வைத்தவர் உடம்பில் எதுவும் தங்காது.

முடிந்து ஒரு மாதத்தில் கட்டி பாதியானது. பெரியம்மா மல்லாந்து படுத்துத் தூங்கினார், மோர் சாதம் சாப்பிட்டார், மூக்குத்தியைத் திரும்பப் போட்டுக்கொண்டார். ஒன்பது மாதம் இருந்தார். கடைசியில் நுரையீரலில் பரவித்தான் போனார், கழுத்து அடைக்கவில்லை.