கணக்குப்படி வெட்டிய டைபோல் ஏன் ஒத்துவரவில்லை?

கேள்வி: புதிதாக ஹாம் (அமெச்சூர் வானொலி) உரிமம் வாங்கியிருக்கிறேன். 40 மீட்டர் பேண்டுக்காக (7 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை) மொட்டை மாடியில் இன்வர்டட் வீ டைபோல், அதாவது நடுவில் உயர்ந்து இரண்டு பக்கமும் சரியும் கம்பி ஆண்டெனா, கட்டினேன். வீட்டு வயரிங்குக்கு வாங்கிய 1.5 சதுர மி.மீ. வயர், பக்கத்துக்கு 10.07 மீட்டர். நடுவில் 15 அடி மூங்கில். 7.000 மெகாஹெர்ட்ஸில் எஸ்டபிள்யூஆர் (அனுப்பும் சக்தி எவ்வளவு திரும்பி வருகிறதென்று காட்டும் அளவு, 1-க்கு அருகில் இருப்பது நல்லது) 1.9, 7.100-இல் 2.8, 7.200-இல் 3.7. எங்கே தப்பு?

பதில்: கணக்கில் தப்பில்லை. 143-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்திருக்கிறீர்கள், 7.1-க்கு மொத்தம் 20.14 மீட்டர், அதில் பாதி 10.07. ஆனால் அந்தச் சூத்திரம் உறை இல்லாத செம்புக் கம்பிக்கானது. பிவிசி உறை போட்ட வயரில் அலை கொஞ்சம் மெதுவாக ஓடும். அதனால் நூற்றுக்கு 2 முதல் 5 வரை நீளம் குறைய வேண்டும். உங்கள் அளவீடும் அதைத்தான் காட்டுகிறது. பேண்டின் கீழ்முனையில் எஸ்டபிள்யூஆர் குறைந்து, மேலே போகப் போக ஏறுகிறது என்றால் ஆண்டெனாவின் நீளம் அதிகம். நேர்மாறாக இருந்தால் குட்டை.

அதற்காக உடனே கட்டிங் பிளேயரை எடுக்காதீர்கள். முதல் ஆண்டெனாவில் நான் அவசரப்பட்டு வெட்டிவிட்டு, அப்புறம் வெயிலில் உட்கார்ந்து துண்டு வயரைச் சேர்த்துப் பற்றவைத்தேன். முனையை மடக்கி, அதே வயர் மேல் இறுக்கமாகச் சுற்றிவிட்டால் போதும். இரண்டு பக்கமும் 10 செ.மீ. குறைத்தால் ஒத்திசைவு (ஆண்டெனா சரியாக ஒத்துப்போகும் அதிர்வெண்) ஏறக்குறைய 70 கிலோஹெர்ட்ஸ் மேலே நகரும். ஒவ்வொரு முறையும் 10 செ.மீ. மடக்கி, மறுபடி மூங்கிலை ஏற்றி அளந்து பாருங்கள். தரையில் கிடக்கும்போது அளப்பது வீண்.

இப்போது ஒத்திசைவு 7.000-க்குக் கீழே, பேண்டுக்கு வெளியே இருக்கிறது. அங்கே ரேடியோவில் அனுப்பிப் பார்க்க உங்களுக்கு அனுமதி இல்லை. ஆனால் நண்பரிடம் நானோவிஎன்ஏ (ஆண்டெனாவை அளக்கும் சிறு கருவி) இருந்தால் இரவல் வாங்குங்கள், ஒத்திசைவு எங்கே இருக்கிறதென்று நேராகவே தெரிந்துவிடும். உதாரணமாக அது 6.85 என்று காட்டினால், 10.07-ஐ 6.85-ஆல் பெருக்கி 7.1-ஆல் வகுங்கள்: 9.72 மீட்டர். பக்கத்துக்கு 35 செ.மீ. மடக்க வேண்டும்.

இதற்குப் பிறகும் அளவு நிலையாக நிற்கவில்லையா? ரேடியோவிலிருந்து ஆண்டெனாவுக்குப் போகும் கோஆக்ஸ் கேபிளைக் கையால் பிடித்தபடி மீட்டரைப் பாருங்கள். முள் ஆடினால் கேபிளின் வெளிப்பின்னலிலும் மின்னோட்டம் ஓடுகிறது, கேபிளே ஆண்டெனாவின் ஒரு பகுதியாகிவிட்டது. அதைத் தடுக்க, மூங்கில் உச்சியில், 110 மி.மீ. பிவிசி குழாய் மேல் ஆர்ஜி-58 கேபிளை 14 சுற்று ஒற்றை அடுக்காகச் சுற்றுங்கள். சுமார் 5 மீட்டர் கேபிள் பிடிக்கும். இதே வேலைக்குக் கடையில் பாலன் என்ற சாதனம் வாங்கும் செலவு மிச்சம்.

உயரம் குறைவுதான், ஆனால் கவலை வேண்டாம். தாழ்வாகக் கட்டிய 40 மீட்டர் டைபோல் பெரும்பாலும் வானத்தை நோக்கியே வீசும். பகலில் தமிழ்நாடு, கேரளம், கர்நாடகத்தோடு பேச அதுவே வசதி. தூர தேசம்தான் வேண்டுமென்றால் 10 மீட்டருக்கு மேல் ஏற்ற வேண்டும்.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பு. தெருவில் போகும் ஈபி லைன் மேல் மூங்கிலோ வயரோ சாய்ந்தாலும் எட்டாத இடத்தில் கட்டுங்கள். அனுப்பும்போது டைபோலின் முனைகளில்தான் அதிக மின்னழுத்தம் இருக்கும். துணி காயப்போட வருபவர்கள் கைக்கு அவை எட்டக்கூடாது. கோஆக்ஸ் இணைப்பை எம்சீல் வைத்து அடைத்துவிடுங்கள். ஐப்பசி மழையில் பின்னலுக்குள் தண்ணீர் இறங்கினால் கேபிளையே மாற்ற வேண்டிவரும்.