அம்மாவின் விரல்

வணக்கம் டீச்சர்.

சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். மகன் தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டு. பாடத்தில் கவனமே இல்லை என்று டவுனில் புதிதாகத் திறந்திருக்கும் ஒரு பயிற்சி மையத்துக்கு அழைத்துப் போனேன். டேப்லட்டில் சோதனை வைத்தார்கள். எல்லாம் ஆங்கிலம், அங்கிருந்த பெண் மலாயில் விளக்கினார். கவனத்திறன் 38 என்று வந்தது. தலையில் ஒரு பட்டையை மாட்டி லேசாக மின்சாரம் கொடுத்தால் மூன்று மாதத்தில் ஏறிவிடுமாம். 2,400 வெள்ளி. அமெரிக்காவில் எல்லாரும் செய்கிறார்கள் என்கிறார்கள். செய்யலாமா? இப்போது அவனே “நான் 38 தானே” என்று வீட்டுப்பாடத்தை மூடி வைத்துவிடுகிறான். என் பெயரைப் போட வேண்டாம்.

அன்புள்ள தங்கைக்கு,

பணத்தைக் கட்டாதீர்கள்.

மூளைத் தூண்டலே பொய் என்று நான் சொல்ல வரவில்லை. மருந்துக்கு அடங்காத மனச்சோர்வுக்குக் காந்தத் தூண்டல் கருவி ஒன்றை அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2008-இல் அனுமதித்தது. அது மருத்துவர் பார்த்து, அளவு வைத்துச் செய்யும் வைத்தியம். கடையில் மாட்டிவிடும் பட்டை வேறு. இந்த வகைக் கருவிகளில் பொதுவாக ஓடுவது ஒன்று, இரண்டு மில்லி ஆம்பியர்தான். ஆனாலும் தோல் சிவக்கும், சில சமயம் புண்ணாகும். உள்ளே நடப்பது ஆளுக்கு ஆள் மாறும். 2016-இல் இந்தத் துறை ஆய்வாளர்கள் 39 பேர், தாங்களாகவே இதை மாட்டிக்கொள்கிறவர்களுக்கு ஒரு திறந்த மடல் எழுதினார்கள். ஒரு திறன் கூடினால் இன்னொன்று குறையலாம், மாற்றம் நீண்ட நாள் நிற்கலாம் என்று எச்சரித்தார்கள். பெரியவர்களுக்கே அப்படி என்றால், பத்து வயதுப் பிள்ளையின் தலையில் எந்த தைரியத்தில் மாட்டுகிறார்கள்?

அமெரிக்காவில் எல்லாரும் செய்கிறார்கள் என்ற பேச்சை விடுங்கள். அந்த அமெரிக்காவில்தான், லுமோசிட்டி என்ற மூளைப் பயிற்சி விளையாட்டு, பள்ளியில் நன்றாகப் படிக்கலாம், முதுமை மறதியைத் தள்ளிப்போடலாம் என்று ஆதாரமில்லாமல் விளம்பரம் செய்ததாகக் குற்றஞ்சாட்டி, கூட்டரசு வணிக ஆணையம் 2016-இல் இரண்டு மில்லியன் டாலர் கட்ட வைத்தது.

நம் மலேசியாவிலும் சட்டம் இருக்கிறது. 2012-ஆம் ஆண்டின் மருத்துவச் சாதனச் சட்டம், சட்டம் 737. மருத்துவச் சாதனம் என்றால் பதிவு இல்லாமல் விற்க முடியாது. ஆனால் ஒன்று மருத்துவச் சாதனமா இல்லையா என்பதை, தயாரிப்பாளர் எதற்காக என்று சொல்லி விற்கிறாரோ அந்த நோக்கம்தான் பெரிதும் முடிவு செய்கிறது. ‘கவனக் குறைபாட்டைக் குணமாக்கும்’ என்று பெட்டியில் அச்சடித்தால் சட்டத்துக்குள் வரும். ‘புத்தியைக் கூர்மையாக்கும்’ என்று போட்டால் நழுவப் பார்க்கும். அதே மின்சாரம், அதே பிள்ளையின் தலை. ஐரோப்பிய ஒன்றியம் இந்த ஓட்டையை அடைத்தது: மருத்துவத்துக்கு இல்லை என்று சொல்லி விற்கும் மூளைத் தூண்டல் கருவிகளையும் 2022 டிசம்பரில் மிக உயர்ந்த ஆபத்து வகுப்பில் சேர்த்தது. இங்கேயும் அப்படிச் செய்ய வேண்டும். அதுவரை, அந்த மையத்தில் கருவியின் பதிவு எண்ணைக் கேளுங்கள்.

சரி, என்னை இரண்டு நாளாகத் தூங்கவிடாதது மின்சாரம் இல்லை. அந்த 38.

எதில் 38? நூற்றுக்கா? நூறு பிள்ளைகளை வரிசையில் நிறுத்தினால் முப்பத்தெட்டாவது இடமா? அந்த நூறு பேர் எந்த ஊர்ப் பிள்ளைகள், வீட்டில் எந்த மொழி பேசுகிறவர்கள்? நீங்கள் கேட்கவில்லை. உங்கள் மகன் ஆங்கிலத்தில் வந்த கட்டளையை மலாயில் கேட்டு, மனத்துக்குள் தமிழில் புரிந்துகொண்டு, அப்புறம்தான் விரலை வைத்திருப்பான். கருவி அந்த நொடிகளை எண்ணிக் கவனமின்மை என்று பெயர் வைத்துவிட்டது. 2016-இல் அமெரிக்காவில் தலையில் அடிபட்டவர்களுக்கான கணினிச் சோதனையை அனுமதித்தபோதுகூட, அதை மட்டும் வைத்து நோயை முடிவு செய்யக்கூடாது என்றே சொன்னார்கள். மாண்ட்ரியலில் உருவான காகித நினைவாற்றல் சோதனை ஒன்று உண்டு. பன்னிரண்டு வருடமோ அதற்குக் குறைவாகவோ படித்தவருக்கு ஒரு மதிப்பெண் கூட்டிப் போடுவார்கள். படிப்பு குறைந்தால் மதிப்பெண்ணும் குறையும் என்று அந்தக் காகிதத்துக்காவது தெரிந்திருக்கிறது.

என் அம்மாவுக்கு மூன்று வருடப் படிப்பு. முப்பத்தொரு வருடம் ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய், நெற்றி விளக்கோடு நிரையில் இறங்கினால் நானூறு மரத்துக்கு மேல். எந்த நிரையில் எந்த மரத்துக்குப் பால் வற்றுகிறது, பால் பிடிக்கும் எந்த மங்கு உடைந்திருக்கிறது என்று இரவில் படுத்தபடியே சொல்வார்.

எழுபத்தாறு வயதில் பெயர்களை மறக்கத் தொடங்கினார். ஈப்போவில் ஒரு மருத்துவமனையில் டேப்லட்டைக் கையில் கொடுத்தார்கள். வட்டம் தோன்றியதும் தொட வேண்டும். அம்மா தொட்டார். திரை அசையவில்லை. அழுத்தித் தொட்டார். அதற்குள் அடுத்த வட்டம். கத்தியும் பால் உறைய வைக்கும் அமிலமும் தேய்த்துக் காய்ப்பேறிய விரல் அது. அடையாள அட்டைக்கே கைரேகை சரியாக விழாத விரல். அவ்வளவு காய்ந்து தடித்த தோல் தொடுதிரைக்குப் பிடிபடாது. வந்த தாளில் ‘எதிர்வினை வேகம் மிகக் குறைவு’ என்று இருந்தது. அம்மாவுக்கு மறதி இருந்தது உண்மை. அந்த வேகக் குறைவு மூளையில் இல்லை, தோலில் இருந்தது. ஓர் ஆசிரியை நான், பக்கத்திலேயே நின்றேன். ஈரத்துணியால் விரலைத் துடைத்துவிட்டு மறுபடி வையுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அதற்குப் பிறகு ஒட்டுக்கடைக்குப் போய்வாருங்கள் என்றால், “எனக்குத்தான் மூளை போயிடுச்சே” என்பார். கடைக்காரருக்கு ஒரு காசு ஏமாறாதவர்.

அதனால்தான் உங்கள் மேல் கோபம் வருகிறது. அந்த எண்ணை ஏன் பிள்ளையின் காதில் விழவிட்டீர்கள்? கடன்காரன் நோட்டீஸையே பிள்ளைகளிடமிருந்து ஒளித்து வைக்கிறோமே! முதலில் அரசாங்க கிளினிக்கில் கண்ணையும் காதையும் பாருங்கள். கரும்பலகை தெரியாத பிள்ளை ஜன்னலுக்கு வெளியேதான் பார்க்கும். இருபத்தெட்டு வருட வகுப்பறையில் எத்தனை பேரை அப்படிக் கண்டிருக்கிறேன். அதன் பிறகும் சந்தேகம் இருந்தால் அங்கிருந்தே குழந்தை மருத்துவரிடம் அனுப்பச் சொல்லுங்கள்.

இன்று இரவே அவனைப் பக்கத்தில் உட்கார வைத்து, “அந்தச் சோதனை உனக்குப் பழக்கமில்லாத மொழியில் இருந்துச்சு, அம்மா கேட்காம விட்டுட்டேன்” என்று சொல்லிவிடுங்கள். நான் என் அம்மாவிடம் இப்படி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதன் பிறகும் நாலு வருடம் எங்களோடுதான் இருந்தார்.

அன்புடன்,
டீச்சர்